இருபதாவது மார்க்

முப்பதுக்குப் பத்தொன்பது என்று தாளின் மூலையில் எழுதி, டாக்டர் ஜுவேரியா அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டதும், வெள்ளைச்சாமி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஒண்ணே ஒண்ணு சேர்த்துப் போடுங்க டாக்டர்.”

“சார், இது பரீட்சை இல்லை. ஞாபக சக்தி எப்படி இருக்குன்னு பார்க்கிற டெஸ்ட்.”

“தெரியுது. இருபதா முழுசாக்கிடுங்க. பத்தொன்பது பார்க்கவே ஒரு மாதிரி இருக்கு.”

தி. நகரில் ஒரு சந்துக்குள் நாற்பத்தாறு வருடமாக ரவிக்கைத் துணி விற்கிறவர் அவர். ‘ஒரே விலை, பேரம் பேசாதீர்’ என்று கல்லாவுக்கு மேலே எழுதி மாட்டியிருப்பவர். பேரம் பேசிய பெண்களை முறைத்தே படியிறக்கியவர். அப்படிப்பட்டவர் மந்தைவெளி கிளினிக் ஒன்றில் உட்கார்ந்து ஒற்றை மார்க்குக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். மார்க் வாங்கிய பேச்சியம்மாளோ, மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, பக்கத்துக் கடையில் நடக்கிற பேரத்தை வேடிக்கை பார்ப்பதுபோல அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த ஒரு மார்க்கில் அவர் குடித்தனமே இருந்தது. கடந்த ஆறு மாதத்தில் பேச்சியம்மாள் அடுப்பை மூன்று முறை அணைக்காமல் விட்டிருந்தாள். காய் வாங்கப் போனவள் ஒருநாள் லஸ் முனையில் நின்றுகொண்டு, வீடு எந்தப் பக்கம் என்று ஒரு போலீஸ்காரரிடம் கேட்டிருந்தாள். கோயம்புத்தூரில் இருக்கும் மகள் அனுப்ரியா அங்கே நர்ஸுகளோடு கூடிய ஒரு இல்லத்தைப் பார்த்து வைத்துவிட்டாள். பெண்களுக்கு மட்டுமான இடம். இருபதுக்குக் கீழே போனால் இருபத்து நான்கு மணி நேரமும் பக்கத்தில் ஆள் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், எழுபத்து மூன்று வயதில் உங்களால் அது ஆகாது, இருபது வந்தால் உங்கள் இஷ்டம், வராவிட்டால் அம்மாவை நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அவள் போனில் தெளிவாகச் சொல்லிவிட்டாள். வாரத்துக்கு ஒருமுறை வந்து பார்க்கலாமாம், அப்பா.

“கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தா இருபது வந்திருக்கும்,” என்றார் டாக்டர்.

கடைசிக் கேள்வி, உங்கள் வீட்டுக்காரர் பெயர் என்ன. பேச்சியம்மாள் தரையைப் பார்த்துச் சிரித்ததோடு சரி.

எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள் என்று வெள்ளைச்சாமி விளக்கினார். ரேஷன் கடையில்கூட இவள் பக்கத்தில் நிற்பவளை விட்டுத்தான் சொல்ல வைப்பாள், இது மறதிக் கணக்கில் வராது, மரியாதைக் கணக்கில் வரும் என்றார்.

டாக்டர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். “புரியுது சார். ஆனா மரியாதையில சொல்லலையா, மறந்துபோய்ச் சொல்லலையான்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

வெள்ளைச்சாமி நாற்காலியைப் பழைய இடத்துக்கே தள்ளிப் போட்டார்.

அடுத்த வியாழக்கிழமை காலை மறுபடி ஒருமுறை பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். ஆட்டோவில் வீடு திரும்பும் வழியெல்லாம் வெள்ளைச்சாமி மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். கல்யாணமான நாற்பத்தாறு வருடத்தில் ஒரு தடவைகூட அவர் பெயர் அந்த வாயிலிருந்து வந்ததில்லை. வராத ஒன்று தொலைந்துவிட்டதா, உள்ளே பத்திரமாக இருக்கிறதா என்று எதை வைத்துச் சொல்வது?

நேராகக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார். காபியைக் கொடுத்துவிட்டுத் திரும்பியவளை நிறுத்தி, “பேச்சி, இந்த ஒரு தடவை சொல்லிரு. என் பேரு என்ன?” என்றார்.

“நல்லாருக்கே. வயசான காலத்துல கேக்கிற கேள்வியா இது?” என்று அவள் அடுக்களைக்குள் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை அவர் கடைக்குப் போய், துணி கிழிக்கிற பையனுடைய செல்போனை வாங்கி, வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு வீட்டுக்கு அடித்தார். வாக்காளர் பட்டியல் சரிபார்க்கிறோம் அம்மா, குடும்பத் தலைவர் பெயரைச் சொல்லுங்கள் என்றார்.

“அவுக கடைக்குப் போயிருக்காக. சாயங்காலம் கூப்பிடுங்க,” என்றாள் பேச்சியம்மாள். போனை வைக்கப் போனவள், “தொண்டை கட்டியிருக்கு போலயே. மத்தியானம் மோர் குடிக்காதீக,” என்றும் சொன்னாள்.

தன்னைக் கண்டுபிடித்துச் சொன்னாளா, யாரோ ஒரு அரசாங்க ஊழியரின் தொண்டைக்காகச் சொன்னாளா என்பது அவருக்கு விளங்கவில்லை. அன்று அவர் மோர் குடிக்கவில்லை.

சனிக்கிழமை மயிலாப்பூர்க் கோயிலுக்குக் கூட்டிப்போய் அர்ச்சனைத் தட்டை அவள் கையில் கொடுத்தார். அர்ச்சகர் யார் பெயருக்கு என்று கேட்டார். சாமி பேருக்கே பண்ணிடுங்க என்றாள் பேச்சியம்மாள். அர்ச்சகருக்கு அது வழக்கமான பதில். தூணுக்குப் பின்னால் ஒளிந்து காது கொடுத்துக்கொண்டிருந்த வெள்ளைச்சாமியைத்தான் அவர் சந்தேகமாகப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஒரு யோசனை உதித்தது. வாயால்தானே சொல்லக் கூடாது? எழுதலாமே. கடை பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளைத் திருப்பி வைத்து, பேனாவையும் கொடுத்து, எழுதுவது சொல்வதாகாது என்று அரை மணி நேரம் வாதாடினார். அவள் தாளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். கன்னத்தில் ஒரு வெட்கம் ஓடியது. அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு எழுதினாள். நாலாக மடித்து அவர் சட்டைப் பையில் தானே போட்டுவிட்டு, துவைத்த துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போய்விட்டாள்.

அவர் பிரித்துப் பார்த்தார்.

‘ஆனந்தகுமார்’ என்று இருந்தது.

எழுத்து அழகாக இருந்தது. ஒரு தயக்கம் இல்லை, அடித்தல் இல்லை. மளிகைச் சீட்டில் உளுத்தம்பருப்பு என்று எழுதவே இரண்டு முறை யோசிக்கிறவள், இந்தப் பெயரை ஒரே இழுப்பில் எழுதியிருந்தாள். பலமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தவர்கள் எழுதுகிற எழுத்து அது.

வெள்ளைச்சாமி அந்தத் தாளோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவர்கள் வீட்டில் எப்போதுமே பேச்சு குறைவு. கடையில் பகலெல்லாம் கத்திவிட்டு வருகிறவருக்கு வீட்டில் பேச ஒன்றும் மிஞ்சியிருக்காது. அவர் சாப்பிடுவார், அவள் பரிமாறுவாள். பிறகு இருவரும் கூடத்தில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பார்கள். அந்த மௌனம் நிறைந்த மௌனம் என்றுதான் அவர் நாற்பத்தாறு வருடமாக நினைத்திருந்தார். அதற்குள் ஒரு ஆனந்தகுமார் உட்கார்ந்திருக்க இடம் இருந்தது என்பது இப்போதுதான் தெரிந்தது.

மாடியிலிருந்து அவள் இறங்கி வந்ததும் கேட்டார். “பேச்சி, யாரு இந்த ஆனந்தகுமார்?”

அவள் துணிகளுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். “தெரியாத மாதிரி கேக்கீகளே.”

ஆக, இவருக்குத் தெரியும் என்றே இத்தனை வருடமும் நினைத்திருக்கிறாள். அது இன்னும் வலித்தது.

“ஆளு எப்படி?” என்றார், துணி மடிப்பதுபோல.

“நல்ல மனுசரு. வாய்தான் கிடையாது. ஆனா பக்கத்துல வந்து உக்காந்தாலே போதும், எனக்கு மனசு அடங்கிரும்.” ஒரு துண்டை மடித்து வைத்தாள். “பாண்டி பஜார்ல என் செருப்பு அறுந்து போச்சுல்லா, அன்னைக்குத் தன் செருப்பைக் கழட்டி எனக்குப் போட்டுவிட்டு, வெயில்ல வெறுங்காலோட நடந்து வந்தாக.”

வெள்ளைச்சாமி ஒரே போர்வையை ஐந்து முறை மடித்தார். பாண்டி பஜார். பட்டப் பகல். தான் கடையில் கால் கடுக்க நின்று பச்சை ரவிக்கைக்கு லைனிங் துணி பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், எவனோ ஒருவன் வெறுங்காலோடு நடந்திருக்கிறான்.

அவருக்குத் தெரிந்த ஆனந்தகுமார் ஒருவர்தான். முப்பத்தைந்து வருடம் முன்பு அவர்கள் வீட்டு மாடியில் குடியிருந்த இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். அப்போது கல்யாணமாகாதவர். பகலில் எப்போது பார்த்தாலும் வீட்டிலேயே இருந்த ஆள். அதை நினைத்தபோது பழைய கணக்குகளெல்லாம் ஒவ்வொன்றாகப் பொருந்தி வந்தன. நிறம் பார்த்துத் துணி பொருத்துகிற தொழிலில் பழகிய மூளை அது, எதையும் எதோடும் பொருத்திவிடும்.

செவ்வாய்க்கிழமை மாடி வீட்டு அம்மாளைத் துணைக்கு வைத்துவிட்டு அசோக் நகருக்குப் போனார். ஆனந்தகுமாருக்கு இப்போது வயது எழுபது. தொப்பை, காதில் மெஷின், கையில் வெண்டைக்காயும் கத்தியும். அண்ணாச்சியைப் பார்த்து மனிதர் நெகிழ்ந்துபோனார். வெள்ளைச்சாமிக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும். பாண்டி பஜார்ல எப்பவாவது செருப்பில்லாம நடந்திருக்கீகளா?”

ஆனந்தகுமார் வெண்டைக்காயைக் கீழே வைத்து யோசித்தார். அவர் நேர்மையானவர். “நடந்திருக்கேன் அண்ணாச்சி. நல்லா ஞாபகம் இருக்கு. கால் கொப்புளிச்சுப் போச்சு.”

உள்ளேயிருந்து அவர் மனைவி ஜெயஸ்ரீ வந்து கதவருகில் நின்றார். “யாரோட போனீங்க?”

“தனியாத்தான் ஜெயா. கோயில் வாசல்ல செருப்பு காணாமப் போச்சு.”

“பாண்டி பஜார் நடுவுல எந்தக் கோயில் வாசல்?”

“அது நம்ம கல்யாணத்துக்கு முன்னால,” என்றார் ஆனந்தகுமார். அப்படிச் சொன்னால் விஷயம் முடிந்துவிடும் என்று அவர் நம்பினார்.

“முன்னால நடந்ததைத்தான் கேக்கறேன்,” என்ற ஜெயஸ்ரீ வெள்ளைச்சாமி பக்கம் திரும்பினார். “நீங்க எதுக்குங்க அவ்வளவு தூரத்துலேர்ந்து இதக் கேக்க வந்தீங்க?”

எங்கள் வீட்டுப் பேச்சியம்மாள் இப்படி ஒரு விஷயம் சொன்னாள் என்று வெள்ளைச்சாமி உண்மையைச் சொன்னார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே இது சொல்லக் கூடிய உண்மையில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. காபி வரவில்லை. வெண்டைக்காய்க் கத்தியை ஜெயஸ்ரீ கையில் எடுத்துக்கொண்டார், வெறுமனே ஒழுங்குபடுத்தத்தான். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்தார். வெள்ளைச்சாமி கும்பிட்டுவிட்டு இறங்கி வந்தார்.

திரும்பி வரும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தவருக்கு, வழியில் எங்கோ கோபம் இறங்கிப்போனதுபோல இருந்தது. பேச்சி ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டு வருகிறாள். அடுப்பை விட்டாள், தெருவை விட்டாள். நாளைக்கு மகளை விடுவாள். கடைசியில் ஒரே ஒரு பெயரோடு அவள் நிற்கப் போகிறாள் என்றால், அந்தப் பெயர் தன்னுடையதாக இல்லாதது வருத்தம்தான். ஆனால் அவள் வெறுங்கையோடு நிற்பதைவிட அது மேல். அந்த ஆளை ஒருமுறை பார்த்தாலாவது முகம் மலருமே.

வீட்டுக்கு வந்ததும் ஆனந்தகுமாருக்குப் போன் செய்து, நாளைக்கு ஒரு நடை வந்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொண்டார். எதிர்முனையில் போன் கைமாறுகிற சத்தம் கேட்டது. பிறகு ஜெயஸ்ரீயின் குரல் வந்தது. “நானும் வருவேன்.”

புதன்கிழமை பதினொரு மணிக்கு இருவரும் வந்தார்கள். ஆட்டோவில் இரண்டு ஓரங்களில் உட்கார்ந்து வந்தது இறங்கும்போதே தெரிந்தது. வெள்ளைச்சாமி அன்று பேச்சியம்மாளை மயில்கழுத்துப் பச்சைப் புடவை கட்டச் சொல்லியிருந்தார். தானே முறுக்கு வாங்கி வந்து தட்டில் அடுக்கினார். தன் வீட்டுக்குத் தானே பெண் பார்க்க ஆள் அழைத்தவர்போல, எங்கே நிற்பது என்று தெரியாமல் கதவோரம் நின்றார்.

பேச்சியம்மாள் ஆனந்தகுமாரை மீட்டர் பார்க்க வந்த ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

“சார் யாரு?”

“ஆனந்தகுமார்ம்மா. மாடியில குடியிருந்தேனே.”

அவள் முகம் மலர்ந்தது. கதவோரத்தில் வெள்ளைச்சாமியும் சோபாவின் நுனியில் ஜெயஸ்ரீயும் முன்னால் சாய்ந்தார்கள்.

“நல்ல பேரு,” என்றாள் பேச்சியம்மாள். ஆனந்தகுமாரின் தட்டில் மேலும் இரண்டு முறுக்கு வைத்தாள். ஜெயஸ்ரீ தட்டில் வைக்கவில்லை.

ஜெயஸ்ரீ அந்த இரண்டு முறுக்கையும் எண்ணிவிட்டு எழுந்துவிட்டார். ஆனந்தகுமார் ஒரு முறுக்கு வாயிலிருக்க, நான் என்ன செய்தேன் என்று எல்லாரையும் கேட்டபடி பின்னாலேயே போனார். அவர்கள் போனதும் பேச்சியம்மாள் கேட்டாள்: “யாருங்க அந்த மனுசன்? பாவம், வீட்டுல ரொம்பக் கஷ்டம் போல.”

வெள்ளைச்சாமி அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவனையும் மறந்துவிட்டாள். பெயர் மட்டும் இருக்கிறது, ஆள் போய்விட்டான். தனக்கு அந்த ஆனந்தகுமாருக்காகவே மனம் கனப்பதை அவர் கொஞ்சம் வெட்கத்தோடு கவனித்தார். பேச்சியம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் வழக்கம்போல ஒன்றும் பேசாமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் முகம் அமைதியாக இருந்தது.

வியாழன் காலை கிளினிக்கில் கூட்டம் இல்லை. நீலச் சீருடை போட்ட வயதான ஆயா ஒருத்தி வராந்தாவைத் துடைத்துக்கொண்டே வந்து, திறந்திருந்த டாக்டர் அறையின் வாசலை எட்டியிருந்தாள்.

இந்தமுறை பேச்சியம்மாள் நிதானமாக இருந்தாள். கிழமையைச் சரியாகச் சொன்னாள். இது எத்தனையாவது மாடி என்றதற்கு, லிஃப்ட்டில் கூட்டி வந்துவிட்டு என்னை எண்ணச் சொன்னால் எப்படி என்றாள். கடிகாரம் வரைந்தாள், முட்களை மட்டும் வெளியே வைத்தாள். நினைவில் வைக்கச் சொன்ன மாம்பழம், சாவி, ரயில் ஆகிய மூன்றில் இரண்டைச் சொல்லிவிட்டு, “இன்னொண்ணு உங்களுக்கும் மறந்துருச்சா?” என்று டாக்டரைக் கேட்டாள். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கூட்டிப் பார்த்தார்.

பத்தொன்பது. ஒரு கேள்வி பாக்கி.

“வீட்டுக்காரர் பேர் என்னம்மா? சொல்லக் கூச்சமா இருந்தா எழுதியும் காட்டலாம்.”

பேச்சியம்மாள் வெள்ளைச்சாமியை ஒருமுறை பார்த்தாள். அவர் முகத்தில் இருந்ததை எப்படி எடுத்துக்கொண்டாளோ, பேனாவை எடுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, வாயாலேயே சொன்னாள்.

“ஆனந்தகுமார்.”

டாக்டர் கோப்பைப் புரட்டி, கணவர் பெயர் இருந்த இடத்தைப் பார்த்தார். மெதுவாக ஒரு பூஜ்யம் எழுதினார்.

வெள்ளைச்சாமி எழுந்து நின்றுவிட்டார்.

“டாக்டர், அந்த முட்டையைப் போடாதீக. அவ ஞாயித்துக்கிழமை எழுதினதும் இந்தப் பேருதான். இன்னைக்குச் சொன்னதும் இதேதான். மறந்தவ இப்படி மாறாமச் சொல்லுவாளா? நீங்க அவ மனசுல இருக்கிற பேரைக் கேட்டீக, அவ உண்மையைச் சொல்லிட்டா. அங்கே என் பேரு இல்லைங்கிறது என் பாடு, அதை நான் பார்த்துக்கிடுதேன்.” பேச்சியம்மாளின் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். “மார்க்கை அவளுக்குப் போடுங்க. அவளை நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

டாக்டரின் பேனா தாளின் மேல் அப்படியே நின்றது.

வாசலில் துடைப்பான் சுவரில் சாய்கிற சத்தம் கேட்டது. ஆயா உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சியம்மாள் தலையைத் தூக்கினாள். அவளைக் கண்டதும் கண் விரிந்தது.

“சுப்பம்மா. இன்னைக்கு வஞ்சிரம் இருக்கா?”

“கூடையெல்லாம் வுட்டு மூணு வருசமாச்சும்மா. முட்டி போயிருச்சி,” என்ற சுப்பம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தாள். பட்டினப்பாக்கத்துக்காரி. மந்தைவெளித் தெருக்களில் முப்பது வருடம் பகல் வேளையில் மீன் விற்றவள், அந்த நேரத்தில் கடைக்குப் போய்விடுகிற வெள்ளைச்சாமியை ஒருநாளும் பார்த்ததில்லை. இப்போது அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள்.

“இவருதானாம்மா அவரு?”

பேச்சியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தலையாட்டினாள்.

சுப்பம்மா மேஜையருகே போய், டாக்டரின் தாளில் இருந்த பூஜ்யத்தின் மேல் விரலை வைத்தாள்.

“இத்த அடிச்சிட்டு மார்க்கப் போடு டாக்டரம்மா, ஊட்டுக்காரரு பேரு இன்னான்னு மீனு விக்கிறப்ப நாங்க கேட்டதுக்கு, கட்டுனவரு பேர வாயால சொல்லக் கூடாது, அவரு சிரிக்கவும் மாட்டாரு, பேராவது சிரிச்சிக்கினு கெடக்கட்டும்னுட்டு இந்தம்மாவே இவருக்கு வெச்ச பேருதான் ஆனந்தகுமாரு.”